வேண்டாமுக்கு ஒரு கட்டம்

மகள் அந்த டேப்லெட்டைக் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தபோது வீட்டம்மாவுக்குக் கால்வாசி நம்பிக்கைகூட இல்லை. பக்கவாதம் வந்து அவள் புருஷன் ஏலக்காரருக்கு வலது கையும் போயிற்று, பேச்சும் போயிற்று. மொத்தக் காய்கறிச் சந்தையில் அவர் ஏலம் கூவினால் அடுத்த தெருவில் தூங்குகிற நாய் எழுந்து ஓடும். அந்த வெண்கலத் தொண்டையிலிருந்து இப்போது "ஆ... ஆ..." தவிர வேறொன்றும் வரவில்லை. மற்றவர்கள் சொல்வது நன்றாகவே புரிகிறது; திருப்பிச் சொல்லத்தான் முடியவில்லை, தலையாட்டினாலும் ஆமாவா இல்லையா என்று தெரியாது. இந்தக் கண்ணாடிப் பலகை என்ன பேசிக் கிழிக்கப்போகிறது என்று அவள் முகத்தைச் சுளித்தாள்.

பேசத்தான் செய்தது. திரையில் கட்டம் கட்டமாகப் படங்கள். டம்ளரைத் தொட்டால், ரயில் தாமதத்தை அறிவிக்கிற பெண் மாதிரி, "தயவுசெய்து எனக்குத் தண்ணீர் கொடுங்கள்" என்றது.

"ஐயே! இந்த மனுஷன் என்னைக்குத் தயவுசெய்துன்னு கேட்டிருக்காரு? இதை மாத்த முடியாதா?"

"உன் குரல்லயே பதிஞ்சுக்கலாம்மா. என்னென்ன வார்த்தை வேணும்னு நீயே முடிவு பண்ணு" என்று மகள் சொல்லிக்கொடுத்தாள்.

கேட்கவா வேண்டும்! வீட்டம்மா உட்கார்ந்து பதிந்து தள்ளிவிட்டாள். தண்ணி. பசிக்குது. வலிக்குது. பாத்ரூம். ஃபேனைப் போடு. சரி.

ஒரு வாரம் புழங்கியதில் டேப்லெட்டின் லட்சணம் தெரிந்துபோனது. பொழுது சாய்வதற்குள் சார்ஜ் இறங்கிவிடும். சாப்பிட்ட ஈரக்கையால் தொட்டால் மரக்கட்டை மாதிரி கிடக்கும். விரலைக் கொஞ்சம் ஊன்றி அழுத்திவிட்டால் போச்சு, கட்டங்கள் இடம் மாறி, தண்ணி இருந்த இடத்தில் பாத்ரூம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. ஆனாலும் அடுப்படியில் நிற்கும்போது அவளுடைய குரலே அவளை "தண்ணி!" என்று அதட்டினால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். "வரேன், வரேன். எனக்கு நானே வேலைக்காரி!" என்று ஓடுவாள்.

அந்தச் சிரிப்புக்கும் ஆயுசு குறைவு. அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைக்கப் போய் அவளுக்குத் தோள்பட்டை பிசகியது. விஷயம் தெரிந்ததும் மகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். ஊர்க்கோடியில் ஒரு பராமரிப்பு இல்லம், இருபத்துநாலு மணி நேரமும் நர்ஸ், தினமும் கை கால் பயிற்சி என்றாள். பிறகு கட்டில் ஓரம் உட்கார்ந்து நேரடியாகவே கேட்டாள்.

"அப்பா, அங்க போய் இருக்கீங்களா?"

அவருடைய இடது ஆள்காட்டி விரல் திரைமேல் மெல்ல நகர்ந்தது. "சரி."

வீட்டம்மாவுக்குப் பகீரென்றது.

"பாத்தியாம்மா, அப்பாவே சொல்லிட்டாரு."

"அவர் எங்கடி சொன்னாரு? நான்ல சொல்றேன்!"

மகள் இல்லத்துக்குப் போன் பேச வாசலுக்குப் போனதும் வீட்டம்மா டேப்லெட்டைப் பிடுங்காத குறையாக எடுத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். அதில் 'வேண்டாம்' இல்லை. எப்படி இருக்கும்? வேண்டுமென்றே விட்டவள் அவள்தானே. கல்யாணமான நாளிலிருந்து புடவை என்றாலும் வேண்டாம், சினிமா என்றாலும் வேண்டாம், பிள்ளைகளோடு எங்காவது போய்வருவோம் என்றாலும் வேண்டாம். இனிமேலாவது அந்தச் சனியன் பிடித்த வார்த்தை காதில் விழாமல் இருக்கட்டும் என்று நினைத்துவிட்டாள். மறுக்க வழியில்லாத மனுஷன் சரி என்பதைத் தவிர வேறென்ன சொல்வார்!

"பாவி நான். வாயில்லாதவர்கிட்ட இருந்த ஒத்தை வார்த்தையையும் பறிச்சுட்டேனே" என்று அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே புதுக் கட்டம் ஒன்றைத் திறந்து, குறுக்கே கோடு போட்ட கையின் படத்தை வைத்து, மூக்கை உறிஞ்சிவிட்டுப் பதிந்தாள். "வேண்டாம்."

சோதித்துப் பார்க்க, கசப்பு மருந்தை அவர் வாயருகே நீட்டினாள். அவர் புதுக் கட்டத்தைத் தொட்டார். "வேண்டாம்." பாதி வாய் கோணிக்கொண்டு சிரித்தார். மறுபடி தொட்டார். "வேண்டாம்." பழைய மனுஷன் திரும்பி வந்துவிட்டார் என்று அவளுக்கு மனசு குளிர்ந்தது.

"இங்க வாடி! இப்ப கேளு உங்கப்பாவை!"

மகள் வந்து கேட்டாள். "சரி."

"கை தவறிப் பட்டிருக்கும்" என்று வீட்டம்மா முந்தானையால் திரையை அழுத்தித் துடைத்தாள். "என்னங்க, நல்லாப் பாத்துத் தொடுங்க. இந்த வீட்டை விட்டுட்டு அந்த இல்லத்துக்குப் போகணுமா?"

அவர் நிதானமாக அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். "சரி."

ஆனாலும் அவள் விடவில்லை. "அப்ப நானும் வரேன். கூட ஒருத்தர் தங்க இடம் தருவாங்களாம்ல? ஒரு மூலையில கிடந்துட்டுப் போறேன்."

விரல் தயங்கவே இல்லை.

"வேண்டாம்."

"ஏங்க?" என்றாள் அவள்.

அதற்குக் கட்டம் இல்லை. அவர் கையைப் போர்வைமேல் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டிய வார்த்தையைச் சேர்க்க அவளுக்கு இப்போது நன்றாகவே தெரியும். 'நீ படற பாடு போதும்' என்று ஒரு கட்டம், 'உன் தொல்லை தாங்கல' என்று ஒரு கட்டம். இரண்டையும் தன் குரலில் பதிந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் விரல் எங்கே போகிறது என்று பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.