கிழவன் கடிக்க மாட்டேன் என்கிறான்

அவளுடைய முனைவர் பட்டம் ஒரு கிழட்டு எலியின் பல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. வயதாக ஆக மூளையில் செரட்டோனின் என்கிற ரசாயனம் குறையும், அது குறைந்தால் கடிக்கும் வெறி கூடும் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தாள். கிழவன் அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது. அவன் கூண்டுக்குள் ஓர் இளவட்ட எலியை இறக்கிவிட்டால் பாய்ந்து குதற வேண்டாமா? சோம்பல் முறித்துவிட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டான்.

"அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள அது கடிக்கணும். இல்லேன்னா தலைப்பை மாத்திக்கோ," என்று பேராசிரியர் எரிந்து விழுந்தார். அவர் கடிப்பதற்கு எந்த ரசாயனமும் தேவைப்பட்டதில்லை.

வீட்டில் இன்னொரு கிழவர், அவளுடைய அப்பா. ஊரைக் கூட்டிச் சண்டை போட்ட மனுஷர், இந்தப் புது வீட்டுக்கு வந்ததிலிருந்து வாயில்லாப் பூச்சியாகச் சோபா ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். ரிமோட்டைக்கூடக் கேட்டு வாங்கினார்.

"எலியும் கடிக்க மாட்டேங்குதும்மா, அப்பாவும் சாதுவாயிட்டாரு. வயசானா அடங்கிடுவாங்க போல," என்றாள் அம்மாவிடம்.

"மண்ணாங்கட்டி! அவரோட நாற்காலி நாத்தம் அடிக்குதுன்னு நீதானே பால்கனில தூக்கிப் போட்டே? இங்க எது தன்னோடதுன்னே அவருக்குத் தெரியல. வந்த இடத்துல யாராவது சண்டை போடுவாங்களா?"

அவளுக்குப் பொறி தட்டியது. சோதனைக்கு முன்னால் தினமும் கூண்டைக் கழுவி, புது மரத்தூள் பரப்புகிறவள் அவளேதான். தன் மூத்திர வாடை அடிக்கிற இடம்தான் எலிக்குச் சொந்த வீடு என்று படித்துப் பரீட்சையும் எழுதியவள். பாழாய்ப்போன சுத்தக்காரப் புத்தி! தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வாரம் கூண்டைத் தொடவில்லை. நாற்றம் குடலைப் பிடுங்கியது. வெள்ளிக்கிழமை இளவட்டத்தை இறக்கிவிட்டுக் கையை எடுப்பதற்குள் கிழவன் அதன் முதுகில் இருந்தான். செரட்டோனினை இனிமேல்தான் அளக்க வேண்டும். ஆனால் தலைப்பு பிழைத்தது. பேராசிரியர் மூக்கைப் பொத்தியபடி தலையாட்டினார்.

சாயங்காலம் அந்த நாற்காலியை, நாறும் மெத்தையோடு கூடத்துக்கு இழுத்து வந்தாள். அப்பா ஒரு தடவை பார்த்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். மனுஷர் நிஜமாகவே அடங்கிப்போயிருந்தால்? நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தாள்.

அப்பா ரிமோட்டை வைத்தார். எழுந்தார்.

"எந்திரி கழுத! யாரு நாற்காலின்னு நினைச்சே?"

எழுந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"கடிச்சிட்டாரா?"