இட்லிக்கடை லைசென்சும் ஒரு காதுகுத்தும்

லஞ்சத்தை ஒழிப்பேன் என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வரும். அம்பத்தூரில் தேர்தலுக்குத் தேர்தல் அந்தப் பேச்சைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒழிப்பேன் என்பார்கள், எப்படி என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். எனக்குத் தெரியும். எழுபத்திரண்டாம் வருஷம் மேனாம்பேட்டில் ஒரு சின்னப் பெண்ணுக்குக் காது குத்தினோம். அதோடு ஓர் ஆபீசில் லஞ்சம் நின்றது. எந்த ஆபீஸ் என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்கு இன்னும் அங்கே ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

நான் நாகப்பன். அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் கம்பெனி வாசலுக்கு எதிரே வேம்புலியம்மாள் இட்லிக்கடை போட்டிருந்தாள். அவள் புருஷன் சின்னப்பையன் மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துப் படுத்துவிட்டான். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது இட்லியால்தான். ஐந்து வயதில் லோகநாயகி என்று ஒரு பெண்.

தீபாவளிக்குள் லைசென்ஸ் வாங்காவிட்டால் கடையைத் தூக்கிவிடுவோம் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். லைசென்ஸ் தருகிறவர் இராமகிருஷ்ணன் என்ற அதிகாரி. அவர் ஒரு தினுசான மனிதர். பணத்தைத் தொடமாட்டார். நீட்டினால் கோபம் வந்துவிடும்.

"லஞ்சம்னு கொண்டுவந்தா வெளியே போகச் சொல்லிடுவேன். என்னை உங்க சொந்தக்காரனா நெனச்சு ஆசையா ஏதாவது குடுத்தீங்கன்னா, அதை மறுக்க எனக்கு மனசு வராது" என்பார்.

அப்படி எல்லோரும் அவரைச் சொந்தக்காரராக நினைத்து நினைத்து, பியூன் முனியனின் சைக்கிள் கேரியரில் எப்போதும் ஒரு கோழி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். வேம்புலியம்மாளும் கோழி கொடுத்தாள், நெய் கொடுத்தாள். லைசென்ஸ் வரவில்லை. கடைசியில் அவரே வாய்விட்டுச் சொன்னார்: "தீபாவளி வருதே, எங்க வீட்டுல ஒரு பட்டுப்புடவைன்னு ஆசைப்படறாங்க."

அன்றைக்குக் கடையில் நாங்கள் கொதித்துப்போனோம். ஃபிட்டர் தங்கவேல் மந்திரிக்கே மனு எழுதலாம் என்றான். வாட்ச்மேன் மதுரைவீரன், இருட்டில் வழிமறித்து நாலு சாத்து சாத்தினால் சரியாகிவிடும் என்றான். நான் மொட்டைக் கடுதாசி போடலாம் என்றேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்றும் பயமாக இருந்தது.

வேம்புலியம்மாள் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "நீங்க பேசிக்கினே கீறீங்க, இட்லி ஆறிப்போவுது. அவருதானே சொந்தக்காரன்னு சொன்னாரு? எனக்குக் கூடப்பொறந்தவன் யாரும் இல்ல. மாமன் மடி இல்லாமதான் எம்பொண்ணுக்கு இன்னும் காது குத்தல. அவரையே அண்ணனா வெச்சுக்கிறேன். ரெண்டு காரியமும் ஒண்ணா முடியட்டும்."

"அவரு ஒத்துப்பாரா?" என்றான் தங்கவேல்.

"கோழி துன்னாருல்ல?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். தாய்மாமனைப் பாக்கு வைத்து அழைப்பது என்றால் முறையாக அழைக்க வேண்டுமே. தெருப் பெண்கள் வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழம், மஞ்சள் குங்குமம் என்று ஆளுக்கொரு தட்டு தூக்கினார்கள். நடுத்தட்டில் பட்டுப்புடவை. மதுரைவீரனின் மச்சான் பேண்டு செட்டில் டிரம் அடிக்கிறவன். அவன் கூட்டாளிகளோடு வந்து சும்மாவே வாசித்தான்.

எங்கள் அதிர்ஷ்டம், ரயில்வே கேட் மூடியிருந்தது. திருவள்ளூர் வண்டி வரும்வரை இரண்டு பக்கமும் ஊரே நின்றுகொண்டிருந்தது. பேண்டு நிற்கவே இல்லை.

"இன்னா விசேசம்மா?" என்று பஸ்சிலிருந்து ஒருவர் தலையை நீட்டினார்.

"எங்க அண்ணன் ஊட்டுக்குப் போறோம், பொண்ணு காதுகுத்துக்குப் பாக்கு வெக்க."

"யாரு அண்ணன்?"

"லைசென்ஸ் ஆபீசரு இராமகிருஷ்ணன்."

"தட்டுல பட்டா?"

"ஆமா. அண்ணிக்கு வோணும்னு அண்ணனே வாய்விட்டு கேட்டாரு."

பஸ் மொத்தமும் சிரித்தது. கேட் திறந்தபோது பாதிப்பேர் தாங்கள் போகிற இடத்தை விட்டுவிட்டு எங்கள் பின்னால் வந்தார்கள்.

இராமகிருஷ்ணன் லுங்கியும் பனியனுமாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பேண்டைக் கேட்டு எழுந்தவர், எங்களைக் கண்டதும் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அவருடைய மனைவி வனஜா வாசலுக்கு வந்தாள். அக்கம்பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன.

"அண்ணி, நான் வேம்புலி. அண்ணன் என்னைச் சொந்தமா நெனைக்கச் சொன்னாரு. உங்க மருமவளுக்கு வர்ற வியாழக்கிழமை காதுகுத்து. மாமன் மடியிலதான் ஒக்கார வெக்கணும்."

லோகநாயகிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள் போல. நேராகப் போய் அவர் லுங்கியைப் பிடித்துக்கொண்டு "மாமா" என்றது.

அவர் நிலைமையை நினைத்தால் எனக்கே பாவமாக இருந்தது. இவள் சொந்தக்காரி இல்லை என்று சொன்னால், அப்புறம் கோழி எதற்கு வந்தது என்று கேள்வி வரும். சொந்தக்காரிதான் என்றால் மடியில் உட்கார வைத்துத் தோடு போட வேண்டும். காதுகுத்தோடு போகிற செலவா அது? பெண் பெரியவளானால் மாமன் சீர், கல்யாணத்துக்கு மாமன் சீர் என்று பென்ஷன் வாங்குகிற வரைக்கும் இழுக்கும்.

வனஜா சிரித்த முகத்தோடு புடவையைத் தூக்கிப் பிரித்தாள். பிரித்ததும் சிரிப்பு போய்விட்டது. ரசகற்பூர வாசனை எங்கள் வரைக்கும் அடித்தது. மடிப்பு விட்ட இடத்தில் ஜரிகை இற்றுப்போயிருந்தது.

"இது உங்க கல்யாணப் புடவையா?"

"ஆமா அண்ணி. எங்கூட்ல வேற பட்டு இல்ல. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க, நல்லாத் தொவைச்சிக் காயவெச்சிதான் கொண்டாந்தேன்."

பேண்டு தானாக நின்றுவிட்டது. அதுவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்த நானும் நிறுத்திக்கொண்டேன். அது அவளுடைய கல்யாணப் புடவை என்று எங்களில் யாருக்குமே தெரியாது.

வனஜா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் செய்தித்தாளை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். அவள் புடவையை மடித்து வேம்புலியம்மாள் கையிலேயே வைத்தாள். தட்டிலிருந்து வெற்றிலை பாக்கை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"நாத்தனாருக்குப் புடவை நான்தான் எடுத்துக் குடுக்கணும். வியாழக்கிழமை ரெண்டு பேரும் வர்றோம்" என்றாள்.

திங்கட்கிழமை முனியன் சைக்கிளில் வந்தான். கேரியரில் கோழி இல்லை. சட்டைப் பையிலிருந்து லைசென்சை எடுத்து நீட்டினான். வேம்புலியம்மாள் அதை அம்மன் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே முனியனுக்கு இட்லி வைத்தாள். அவன் பயந்துபோய்க் காசு கொடுத்துவிட்டுச் சாப்பிட்டான்.

வியாழக்கிழமை அம்மன் கோயிலில் இராமகிருஷ்ணன் மடியில் துண்டு போட்டு உட்கார்ந்தார். பொற்கொல்லர் ஊசியை எடுத்ததும் லோகநாயகி அலறி, மாமன் கையைக் கடித்து, அவர் வேட்டியையும் நனைத்துவிட்டது. அவர் முகம் சுளிக்காமல் இருந்ததை நான் பார்த்தேன். பக்கத்தில் வனஜா நின்றிருந்ததையும் பார்த்தேன். தங்கத் தோடும், பாவாடையும், வேம்புலியம்மாளுக்கு ஒரு சுங்குடிப் புடவையும் மாமன் சீராக வந்தன. அவர் அதுவரை தின்ற கோழியெல்லாம் ஒரு தோட்டுக்குக் காணாது.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் லஞ்சம் ஒழிந்தது என்று சொல்லமாட்டேன். அடுத்த வாரம் திருமழிசையிலிருந்து குப்பம்மா என்று ஒருத்தி தட்டோடு ஆபீசுக்கே வந்தாள். "அண்ணே, போன வருசம் மாவு மிசினு லைசென்சுக்குப் பலாப்பழம் குடுத்தனே, ஞாபகம் கீதா? பையனுக்குக் காதுகுத்து." அவளுக்குப் பின்னால் வேப்பம்பட்டிலிருந்து ஒரு தங்கச்சி, பூந்தமல்லியிலிருந்து ஒரு தங்கச்சி. கொடுத்ததைக் கொடுக்கவில்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை. எல்லாருக்கும் பொதுவாக முனியன் சாட்சியாக நின்றுகொண்டிருந்தான்.

அந்த மாதம் முடிவதற்குள் அவர் மேஜைக்கு மேலே ஒரு போர்டு தொங்கியது. 'இந்த ஆபீசில் எனக்கு உறவினர் யாரும் கிடையாது. எந்தப் பொருளும் கொண்டுவர வேண்டாம்.' அவரே சொந்தக் காசில் பெயிண்டரை வைத்து எழுதியதாம். அதற்குப் பிறகு மனு கொடுத்தால் அந்த வாரமே பதில் வந்தது. தாமதித்தால் யாராவது அண்ணா என்று கூப்பிட்டுவிடுவார்களோ என்று அவருக்குப் பயம்.

ஒருநாள் அவர் கடைக்கே வந்துவிட்டார். லோகநாயகி தோடு மினுங்க ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டது. அவர் சட்னியை வழித்துச் சாப்பிட்டு முடித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, குழந்தையைத் தூக்கியபடியே கிளம்பினார்.

"அண்ணே, இட்லிக்குக் காசு" என்றாள் வேம்புலியம்மாள்.

"அண்ணன்கிட்டயா கேக்கற?"

"அண்ணனா வந்தா ஊட்டுக்கு வா, கோழி அடிச்சு சோறு போடறேன். இது கடை."

அவர் குழந்தையை இறக்கிவிட்டு, பையைத் துழாவிச் சில்லறையை எடுத்துத் தட்டின் பக்கத்தில் வைத்தார்.