சோதனைக்குப் போட்ட பெயர்கள்

முதலாளியின் மருமகன் வாய்க்கு வந்தபடி பெயரிட்ட வாடிக்கையாளர் ஒருவர், திங்கட்கிழமை காலை குழாய்க் கிடங்குக்கு லாரியோடு வந்து சரக்குக் கேட்டார். கிடங்குக்காரர் எண்ணிக் கொடுத்தார்.

அந்த மாதம் மருமகன் ஒரு புதிய மென்பொருளை ஓசியில் சோதித்துக்கொண்டிருந்தான். கட்டங்களை இழுத்துப் போட்டால் கம்பெனிக்கு வேண்டிய செயலியை அதுவே கட்டிக் கொடுக்கும்; மாதக் கடைசியில் வேண்டாமென்றால் உள்ளே போட்டதெல்லாம் அழிந்துவிடும் என்று விற்க வந்தவன் சொல்லியிருந்தான். அந்நியனிடம் உண்மை விவரத்தைக் கொடுப்பானேன் என்று மருமகன் பொய்ப் பெயர்களாகப் போட்டு நிரப்பினான். முகவரி எழுதச் சோம்பல். அதனால் அந்தப் பெயர்களில் வந்தவர்களுக்குப் போக வீடில்லை; லாரியை அனுப்பிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஓசியில் வரும் எதையும் நம்பாத கிடங்குக்காரர் எரிந்து விழுந்தார். "என்ன மாப்பிள்ளை, இவங்களுக்கு டீயும் நாமதான் வாங்கித் தரணுமா?"

"கவலைப்படாதீங்கண்ணே, அழிச்சிடலாம்" என்று மருமகன் ஒரு பெயரை அழித்தான். பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் இல்லாமல் போனார். டம்ளர் உருண்டது. திரையில் அடுத்த பெயர் கிடங்குக்காரருடையது.

"என் பேரு அங்க என்ன பண்ணுது?"

"வேலையாள் பக்கத்துக்கு ஒரு பேரு வேணும்ல? உங்க பேருதான் சட்டுன்னு வந்துச்சு."

"எடுத்துத் தொலை."

"எடுத்தா…" என்று மருமகன் உருண்ட டம்ளரைப் பார்த்தான். கிடங்குக்காரர் அதற்குப் பிறகு எடுக்கச் சொல்லவில்லை.

மாதக் கடைசியில் விற்க வந்தவன் வாசலில் நின்றான். முதலாளிக்கு மனமில்லை. "பெஞ்சு பூரா ஆளு. வேண்டாம்னு சொல்லிடலாம்னு பாக்கறேன். நீங்க என்னண்ணே சொல்றீங்க? உங்களுக்குத்தான் எதுவுமே பிடிக்காதே" என்று சிரித்தார்.

கோடையில் பெய்த மழையைக்கூட நல்லதென்று சொல்லாத மனிதர் முந்திக்கொண்டார். "தங்கமான சாமான், முதலாளி. விட்றாதீங்க."

வாங்கினார்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் நாளில் முதலாளி கேட்டார், அவர் போன பிறகு மருமகன் கேட்டான், கிடங்குக்காரர் புகழ்ந்தார். அந்தச் செயலியில் ஓய்வு பெறும் பக்கத்தை யாரும் கட்டவில்லை. மனைவிக்குத் தலை வெளுத்தது, மகனுக்குப் பல் விழுந்தது. இவர் வயது பதிந்த இடத்திலேயே நின்றது. ஊர் அதையும் பழகிக்கொண்டது.

மனைவியை அடக்கம் செய்த மறுநாள் காலை இவர் சட்டையை மாட்டினார். "இன்னிக்காவது வீட்ல இருங்கப்பா" என்றான் கிழட்டு மகன்.

"புதுப்பிக்கிற நாளுடா" என்று சொல்லிவிட்டு, விற்பவனுக்கு டீ சொல்லப் போனார்.