மஞ்சள் டேப் கட்டம்

தாவீதின் வீட்டில் கத்தரிக்கோலுக்குக்கூட ஓர் இடம் உண்டு. ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் ஸ்டோரில் பதினோரு வருடம் பழகிய கை. அலமாரித் தட்டில் மஞ்சள் டேப்பால் கட்டம் ஒட்டி, இன்ன பொருளுக்கு இன்ன இடம் என்று வைத்துவிடுவான். ஸ்டோரில் ஒரே பாகம் இரண்டு பெட்டிகளில் கிடந்தால் ஆடிட்டில் குற்றம். ஒரு பொருள், ஒரே இடம். அந்தப் பழக்கம்தான் அவன் காலை வாரிவிட்டது.

அவன் மனைவி எழிலரசி, பார்வையில்லாத கல்லூரி மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பவள். படப்பையில் அவர்கள் வீடு சாலையை ஒட்டி இருந்தது. காலை ஷிப்ட் பஸ்கள் ஹார்ன் அடித்து ஓய்ந்த பிறகு ஜன்னலைச் சாத்தி, ஃபேனை அணைத்து, வியர்க்க வியர்க்க வாசிப்பாள். ஒன்றரை வருடத்தில் முப்பத்தெட்டுப் பாடங்கள். யாராவது கேட்டால் கேட்ட பாடத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். தண்டலத்துக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த பன்னிரண்டு பேருக்கு, தேர்வுக்கு முன் மொத்தத்தையும் தருவதாகச் சொல்லியிருந்தாள். தேர்வுக்கு இன்னும் பத்து நாள்.

பழைய லேப்டாப் நிரம்பித் திணறியபோது தாவீதுதான் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி வந்தான். பாடங்களை எல்லாம் லேப்டாப்பிலிருந்து வெட்டி அதில் ஒட்டினான். அதோடு விடவில்லை. லேப்டாப்பை ஃபார்மட் செய்தான். அவள் போனில் மிச்சமிருந்தவற்றையும் துடைத்தான். தட்டில் டிஸ்க்குக்கென்று மஞ்சள் கட்டம் ஒட்டினான். அதன் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போதே கட்டத்தில் வைக்கலாம் என்று தூக்கினான். வயர் இழுத்தது. கை நழுவி, டிஸ்க் தரையில் விழுந்தது.

மறுபடி சொருகியபோது உள்ளே டிக், டிக் என்று மட்டும் கேட்டது.

ஸ்ரீபெரும்புதூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தாண்டவராயன் அதைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"உள்ள ஒரு தட்டு சுத்தும் சார். அதும்மேல மயிரிழை உயரத்துல ஒரு முள்ளு நின்னு படிக்கும். ஓடிக்கினு இருக்கும்போது வுழுந்தா முள்ளு தட்டைக் கீறிடும். மெட்ராஸ்ல லேப் கீது. ஒரு மாசம் ஆவும், வருமான்னு சொல்ல முடியாது. இன்னொரு காப்பி எங்க?"

"இதான் காப்பி."

"இது காப்பின்னா ஒரிஜினல் எங்க?"

தாவீது டிஸ்க்கின் வயரைச் சுருட்டத் தொடங்கினான்.

"சரி, லேப்டாப்பைக் கொண்டா. அழிச்சதைத் தேடிப் பாப்போம்."

"ஃபார்மட் பண்ணி எல்லாத்தையும் புதுசா ஏத்திட்டேன்."

தாண்டவராயன் டிஸ்க்கை மெதுவாக மேசைமேல் வைத்தான். "நீ பேக்கப் எடுக்கல சார். வூடு காலி பண்ணிக்கினு போயிருக்க."

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது எழிலரசி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சரி" என்றாள். அதற்குப் பிறகு மூன்று நாள் பேச்சு இல்லை. தட்டு வரும், சோறு வரும், குரல் வராது. வீடு முழுக்க அவள் குரல் நிறைந்திருந்த காலைகளில், தான் அதைக் கேட்டதே இல்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. நைட் ஷிப்ட் முடிந்து வந்து, ஃபேன் நின்றுவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டு கிடந்திருக்கிறான். அவ்வளவுதான்.

நான்காம் நாள் அவள் கடைக்குப் போயிருந்தபோது அவள் போன் அடித்தது. இனியவன். முதல் பாடத்திலிருந்தே அவளைக் கேட்டு வருகிற, தண்டலத்துக் கல்லூரியின் மூன்றாம் வருட மாணவன்.

"அக்கா, புதுப் பசங்க கேக்கறானுங்க. எப்ப தரீங்க?"

"நான் தாவீது பேசறேன்பா." நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"இன்னாண்ணா நீ, கப்பல் கவுந்தாப்ல பேசற? எனக்கு அனுப்பினதை நான் அழிப்பனா? எங்கிட்ட பாதி கீது. எங்கூடப் படிக்கிற வசந்தகுமார் கிட்ட கொஞ்சம், சீனியருங்க கிட்ட கொஞ்சம். மெமரி கார்டுல ஏத்தி மாத்தி மாத்திக் கேப்போம். அக்கா குரலை ஒன்றரை ஸ்பீடுல ஓட்டினா ஒரு மணி நேரப் பாடம் நாப்பது நிமிசம். வூட்லயும் அவ்ளோ வேகமாத்தான் பேசுவாங்களா?"

"இப்போ பேசறதே இல்லப்பா."

"அப்ப சீக்கிரம் கெளம்பி வா."

ஞாயிற்றுக்கிழமை புது டிஸ்க் ஒன்றோடு தாவீது தண்டலம் விடுதிக்குப் போனான். கட்டிலில் லேப்டாப்பை வைத்து ஒவ்வொரு கார்டாகச் சொருகி, இருந்ததை லேப்டாப்பிலும் புது டிஸ்க்கிலும் நகல் எடுத்தான். ஒரே பாடம் மூன்று பேரிடம் இருந்தது. அவன் ஸ்டோரில் அப்படிக் கிடந்தால் சூப்பர்வைசர் தொலைத்துவிடுவார். இனியவன் புது டிஸ்க்கைத் தேடிக் கை நீட்டினான்.

"தொடாதப்பா! ஓடுது. நின்னப்புறம் தரேன்."

நின்ற பிறகு இனியவன் வாங்கிக் கையில் எடைபார்த்தான். "இவ்ளோண்டா? இதுக்குள்ளயா அக்கா கீறாங்க?"

முப்பத்துநான்கு கிடைத்தன. யாரும் கேட்காத நான்கு பாடங்கள் மட்டும் யாரிடமும் இல்லை.

வீட்டுக்கு வந்து, கிடைத்த பாடங்களின் பட்டியலை எழிலரசி முன்னால் வைத்தான். அவள் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். கடைசி வரிக்குப் பிறகும் விரலை எடுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை கடைசி பஸ்ஸும் போனதும், அவள் சொல்லாமலே ஜன்னலைச் சாத்தி ஃபேனை அணைத்தான். மூலையில் உட்கார்ந்தான். அவள் மைக்கைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினாள். ஏரிகளையும் மதகுகளையும் பற்றிய பாடம். மூக்கு நுனியில் வியர்வை சொட்டியும் அவன் துடைக்கவில்லை. அந்தச் சத்தம்கூடப் பதிவாகிவிடுமோ என்று.

நான்கு நாளில் நான்கு பாடங்கள் முடிந்தன. அவற்றையும் வெட்டாமல், லேப்டாப்பில் இருந்தது இருக்க, புது டிஸ்க்கில் நகல் எடுத்தான். விளக்கு அணையும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தண்டலத்துக்கு இன்னொரு டிஸ்க்கில் முப்பத்தெட்டுக்கும் இன்னொரு நகல். பிறகு டேப்பை எடுத்து, பழைய கட்டத்தை லேப்டாப்புக்கு விட்டுவிட்டு, புது டிஸ்க்குக்கென்று அடுத்த அறை அலமாரியில் இரண்டாவது கட்டம் ஒட்ட ஆரம்பித்தான்.

பின்னால் எழிலரசி வந்து நின்றாள்.

"இன்னாய்யா, ஒரே பொருளுக்கு ரெண்டு இடமா? ஆடிட்ல மாட்டுவ."

டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தபடியே அவன் சொன்னான்: "மாட்டறேன். நீ பேசிக்கினே இரு."