நாரைகள் வந்திருக்கும் மாதத்தில்

மாரிசெல்வி எழுந்து மின்விசிறியை மறுபடியும் நிறுத்தினாள். பங்குனி வெக்கையில் தகரக் கூரை அடுப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. சுலைகா முந்தானையால் விசிறிக்கொண்டே, மிக்ஸியில் போட்டிருந்த தேங்காயை அரைக்காமல் மூடி வைத்தாள். இரண்டு சந்து தள்ளி ஒருவர் செத்துக் கிடக்கிறார். அவருடைய மகள் மாரிசெல்வி காதைத் தீட்டிக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறாள். இந்த நேரத்தில் என்ன அரைப்பு வேண்டிக் கிடக்கிறது என்று சுலைகாவுக்குப் பட்டிருக்கும்.

செத்தவர் சொரிமுத்து. விடியலில் குடத்தோடு குழாயடிக்குப் போனவர் அங்கேயே சாய்ந்துவிட்டார். தாராவியை விட்டுத் தள்ளி, தேவ்நாரில் இருக்கும் மாரிசெல்விக்குச் செய்தி வந்ததும், கணவன் நசீர் தானும் வருவதாகச் சட்டையை மாட்டினான். வேண்டாம் என்றுவிட்டாள். அவன் முகத்தைக் கண்டால் அந்தச் சாக்கே போதும், அவளையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தனியாக ஆட்டோ பிடித்து வந்தாள். அப்படியும் சந்து முனையிலேயே தம்பி மகேஷ்குமார் ஓடிவந்து கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

“அக்கா, சங்கத்து ஆளுக பூரா அங்கனதான் உக்காந்திருக்காவ. ஒன்னையப் பாத்தா பிரம்மநாயகம் மாமா எந்திரிச்சுப் போயிருவாவ. அவிய போனா தூக்குததுக்கு ஒரு ஆளு நிக்காது.”

“நான் உள்ள வரல. மொகத்த மட்டும் ஒரு தடவ பாத்துட்டுப் போயிருதேன்.”

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். அழுது வீங்கிய கண். அவனும் பாவம்தான். சுலைகா பெரியம்மா வீட்டில் இருக்கச் சொன்னான். சுலைகா நசீரின் பெரியம்மா. கூப்பிடு தூரத்தில்தான் வீடு.

“நாக்கா முக்குல ஏக் மினிட் எறக்கி வைக்கச் சொல்லுதேன். பெரியவங்க முன்னால போயிருவாவ. சங்கு ஊதுனதும் நீ வந்துரு.”

கொட்டுச் சத்தம் கேட்டதும் வா என்று சொல்லாமல் சங்கைச் சொன்னான். அவர்கள் சாவில் கொட்டு கிடையாது. அதாவது, இந்த மாதத்தில் கிடையாது.

அவர்களுடைய ஊர் நாங்குநேரிப் பக்கம் ஒரு குளத்தங்கரை. தை பிறந்தால் கூழைக்கடாவும் நாரையும் எங்கெங்கிருந்தோ வந்து, குளத்து மரம், தெருப் புளி, வீட்டு வேம்பு என்று பாராமல் கூடு கட்டும். வெடியோ கொட்டோ கேட்டால் தாய்ப் பறவை பதறி எழும், குஞ்சு தவறித் தரையில் விழும். அதனால் அவை கிளம்பிப் போகிறவரை ஊரில் யாரும் சத்தம் போடுவதில்லை. பிரசவத்துக்கு வந்த பொண்ணுங்க என்றுதான் அந்தப் பறவைகளைச் சொல்வார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கும்.

அந்தக் கட்டுப்பாட்டைத் தாராவிக்குக் கொண்டுவந்தவர் சொரிமுத்து. ஊர்ச் சங்கத்தில் பேசிப் பேசியே முடிவெடுக்க வைத்தார். தை முதல் ஆடி வரை இங்கேயும் நம்மாட்கள் வீட்டுக் கல்யாணத்தில் மேளம் இல்லை, சாவில் கொட்டு இல்லை. தாராவியில் அடித்தால் அங்கே எந்தக் குஞ்சுக்குக் கேட்கும் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஊர்க்கட்டு என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு முன்னால் அறிவு செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்க வேண்டும். பக்கத்துச் சந்துக்காரர்கள் இவர்களுடைய கல்யாணத்தைப் பார்த்து, யார் செத்தது என்று கேலியாக விசாரிப்பார்கள். சொரிமுத்துவுக்கு அதில் ஒரு பெருமை.

மாரிசெல்வி நசீரோடு போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. மகள் என்ற பேச்சை எடுப்பதில்லை, அவ்வளவுதான். அவளுக்கு ஏழாம் மாதம் வந்தது. தலைப்பிரசவம், தாய்வீட்டில் கூப்பிடாமலா இருப்பார்கள் என்று நாளைக் கடத்திப் பார்த்தாள். கூப்பிடவில்லை. ஒரு சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு தானாகவே வந்து வாசலில் நின்றாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார். வயிற்றையும் பார்த்தார். பேச்சு நிற்கவில்லை.

“வந்துட்டாளுவளா? கூடு கெட்டியாச்சா? கொளத்துல தண்ணி கெடக்கா?”

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, சிரித்தார். குழந்தை சிரிக்கிற மாதிரி அப்படி ஒரு சிரிப்பு. சிரித்துக்கொண்டே, காதில் வைத்த போனை எடுக்காமல், காலை நீட்டிக் கதவைத் தள்ளிச் சாத்தினார். அடுப்படியிலிருந்த அம்மா வெளியே வரவில்லை. அன்றைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தது இந்தச் சுலைகாதான், பிரசவம் பார்த்ததும் இவள்தான். பிறந்த சஃப்ரீன் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தாத்தா அவளைப் பார்த்ததே இல்லை.

மாரிசெல்விக்கு அழுகை வரவில்லை, காலையிலிருந்தே. மன்னிப்பு, ஆசீர்வாதம் என்றெல்லாம் அவளுக்கு ஒன்றும் வேண்டியதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாத நிலையில் அந்த ஆளை ஒரு தடவை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். அதைத்தான் கேட்டாள்.

வெளியே தையல் மெஷின்கள் ஓடின. யாரோ தண்ணீர் லாரிக்காரனோடு இந்தியில் சண்டை போட்டார்கள். மாஹிம் பக்கம் ரயில் போனது. ஒவ்வொரு சத்தத்தையும் அவள் தள்ளித் தள்ளி வைத்துக் கேட்டாள். சுலைகா தேநீர் கொண்டுவந்தாள், அது ஆறி ஆடை கட்டியது.

“நான் வேணா எட்டிப் பாத்துட்டு வாரேன் புள்ள,” என்றாள் சுலைகா.

“வேண்டாம் பெரியம்மா. சங்கு ஊதாம எடுக்க மாட்டாவ.”

அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எத்தனையோ சாவு பார்த்திருக்கிறாள். கொட்டு இல்லாவிட்டாலும் சங்கு உண்டு. பாடை தூக்கும்போது பெண்கள் ஓவென்று கதறுவது உண்டு. அது மூன்று சந்துக்குக் கேட்கும்.

வெயில் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. அப்போது எதிர்வீட்டு இசக்கிசெல்வி சந்தில் நடந்து வந்தாள். காலையிலிருந்து அவள் சாவு வீட்டில்தான் இருந்தாள். இப்போது தலையில் துண்டு சுற்றியிருந்தது. காதோரம் தண்ணீர் சொட்டியது. குளித்துவிட்டு வருகிறாள். மாரிசெல்வியைக் கண்டதும் நடையைக் குறைத்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டு தன் வீட்டுக்குள் போனாள்.

மாரிசெல்வி செருப்புப் போடாமல் ஓடினாள்.

சந்தில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. கழுவிவிட்ட தண்ணீர் சாக்கடையில் மஞ்சளாக ஓடியது. அம்மா கோமதியம்மாள் ஈரச் சேலையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

“எடுத்தாச்சாம்மா?”

“அப்பமே எடுத்தாச்சுட்டி.”

“சங்கு ஊதலியே.”

அம்மா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. “பிரம்மநாயகம் அண்ணாச்சி சங்கும் வேண்டாம்னுட்டாவ. அவுக கொண்டாந்த கட்டுப்பாடு, அவுக சாவுல ஒரு பொட்டுச் சத்தம் வரப்பிடாதுன்னு. எங்க வாயையும் பொத்தச் சொல்லிட்டாவ.”

“மகேசு?”

“கொள்ளிச்சட்டி தூக்குனவன் திரும்பிப் பாக்கலாமா? நாக்காவுல எறக்கித்தான் வச்சாவளாம். ஒன்னையக் காணலன்னு தூக்கிட்டுப் போயிட்டாவ.” ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டே அவளே சொன்னாள். “ஊருலயிருந்து போன் வந்துச்சு. சொரிமுத்து மாதிரி ஒருத்தன் உண்டான்னு அங்க எல்லாரும் பெருமையாப் பேசுதாவளாம்.”

மாரிசெல்வி கதவைப் பார்த்தாள். விரியத் திறந்து கிடந்தது. உள்ளே கட்டில் இருந்த இடம் கழுவிக் காலியாக இருந்தது.

“உள்ள வாட்டி,” என்றாள் அம்மா. “இப்பம் ஆரும் இல்ல.”

அவள் போகவில்லை. அம்மாவின் மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் திரும்பி நடந்தாள். சுடுகாட்டுக்கு ஆட்டோ பிடிக்கலாம். ஆனால் போய்ச் சேருகிறபோது முகத்தை மூடி விறகு அடுக்கியிருப்பார்கள். பெண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று வேறு கேட்பார்கள்.

நாக்காவில், பாடையை இறக்கி வைத்த இடத்தில் செவ்வந்தி இதழும் பொரியும் கிடந்தன. புறாக்கள் கூட்டமாக இறங்கிப் பொரியைக் கொத்திக்கொண்டிருந்தன. அவற்றைக் கண்டதும் அவள் தன்னையறியாமல் நாலடி முன்னாலேயே நின்றுவிட்டாள். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து பழக்கிய பழக்கம். கால் அதற்குமேல் நகர மறுத்தது. பின்னால் பைக்கில் வந்தவன் வழி கேட்டு ஆரன் அடித்தான், அவள் அசையவில்லை.

பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு வெறுங்காலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்தாள்.

புறாக்கள் சடசடவென்று எழுந்தன. மின்கம்பிவரை போய் ஒரு வட்டம் சுற்றின. டீக்கடைக்கு முன்னால் கொஞ்சம் தள்ளி இறங்கி, அங்கே சிதறிக் கிடந்த பொரியைக் கொத்தத் தொடங்கின.