பாருக்கு மேலை ஒரு வெள்ளைக் கன்

மெல்ரொனுக்கு ஒரு கிழமையா இருப்புக் கொள்ளேல்லை. சாப்பாட்டில குந்தினால் பாதியில எழும்பிக் கடற்கரைக்குப் போவான், கடலைப் பாத்துப்போட்டுத் திரும்பி வருவான். "என்னப்பா, காலில சில்லுப் பூட்டியிருக்கோ?" எண்டு மனுசி நிறஞ்சனா கேட்டாள். அவன் திரும்பவும் கடற்கரைக்கு வெளிக்கிட்டான். செய்த வேலை அப்பிடி.

கடலுக்கடியில முருகைக்கல் வளந்து மீன் அடையிற இடத்தைப் பார் எண்டுறது. கரையில தெரியிற அடையாளங்களை நேருக்குப் பிடிச்சுத்தான் அங்கை போறது. முல்லைத்தீவில அந்தக் குறியைக் கூடப்பிறந்தவனுக்கும் சொல்ல மாட்டினம். மெல்ரொனும் ஒருத்தருக்கும் விடேல்லை.

அப்பிடியிருந்தவன் போன மாதம் கனடாவில இருந்து வந்த சொந்தக்காரருக்குக் கல்லுக் காட்டப் போனான். அவன் போட்ட நங்கூரம் மான்கொம்பு மாதிரிக் கிளைச்சு நிண்ட கல்லை முறிச்சுப்போட்டுது. இறங்கிப் பாத்தவன் முறிஞ்ச துண்டைக் கையில எடுத்தான். கல்லுச் செத்தால் மீன் எங்கை வரும், வீட்டில உலை எப்பிடிக் கொதிக்கும்? இனி நங்கூரமே வேண்டாமெண்டு, பக்கத்து மணலில கொங்கிறீற் கட்டையை இறக்கிக் கயிறு கட்டி, எண்ணெய் வாற வெள்ளைப் பிளாஸ்ரிக் கன் ஒண்டை வெறுமையாக்கி மூடி மேலை மிதக்க விட்டான். போட்டை அதில கட்டலாம். நல்ல மூளைதான். ஆனால் விசரன், அத்தனை காலம் ஒளிச்சு வைச்ச இடத்துக்குத் தன்ர கையாலையே கொடி நாட்டிப்போட்டு வந்தான்.

அடுத்த ஞாயிறே, காசுக்கு ஆக்களைக் கடல் பாக்கக் கூட்டிப்போற சதீஸ், வவுனியாவில இருந்து வந்த சனத்தைத் தன்ர போட்டில ஏத்திக்கொண்டு அங்கை நிண்டான். பிறகு ஒவ்வொரு நாளும்.

கடைசியில ஒருநாள் காலமை மெல்ரொன் கத்தியோடை போனான். தன்ர நங்கூரத்தை மணலில பாத்து இறக்கினான். சதீஸின்ர போட் கன்னில கட்டிக் கிடந்துது. சனம் தண்ணிக்குள்ளை. ரெண்டு பெடியள் கல்லில ஏறி நிண்டு போனில படம் எடுத்தாங்கள்.

"ஏனடா என்ர பாருக்கு வந்தனி?"

"நீங்கள்தானே அண்ணை கன் கட்டி வழி காட்டினியள்," எண்டான் சதீஸ்.

உண்மை எண்டபடியால் அந்தச் சொல்லு சுறுக்கெண்டு தைச்சுது. மெல்ரொன் கத்தியை எடுத்துக் கன் கயிறை அறுத்தான். சதீஸின்ர போட் அப்பிடியே பாருக்கு மேலை இழுபடத் தொடங்கிச்சுது. இஞ்சினைப் போடவும் ஏலாது, சுத்திவர ஆக்கள். சதீஸ் பதறிப்போய்த் தன்ர இரும்பு நங்கூரத்தைத் தூக்கினான். கீழை முழுக்கக் கல்லு.

"எறியாதை." மெல்ரொன் தன்ர கயிறைத் தூக்கிப் பிடிச்சான். கோவத்தில என்ன செய்துபோட்டன் எண்டு அப்பதான் விளங்கிச்சுது. "இந்தா, கயிறு. என்ர போட்டோடை கட்டு. முதல்ல அந்தப் பெடியளைக் கல்லாலை இறக்கு."

சதீஸ் கட்டினான். பெடியளையும் கூப்பிட்டு இறக்கினான்.

மத்தியானம் வரைக்கும் மெல்ரொன் அங்கையே குந்தியிருந்தான். ஆரும் கல்லில கால் ஊண்டினால் கத்தினான். அவன்ர வலை கரையில சும்மா கிடந்துது. சனம் ஏறினாப்பிறகு சதீஸ் கயிறை அவிட்டுக் குடுத்தான்.

"நாளைக்கும் ஆக்கள் வருகினம் அண்ணை. கன்னும் இல்லை. நான் நங்கூரந்தான் போடவேணும்."

கன்னைத் திருப்பிக் கட்டலாம். கல்லில ஏறுற காலை ஆர் தடுக்கிறது? நாளைக்கும் வலை போடாட்டில் நிறஞ்சனாவுக்கு என்ன சொல்லுறது? மெல்ரொன் கயிறைச் சுருட்டி உள்ளை போட்டான்.

"நான் வாறன்," எண்டான். "என்ர போட்டோடையே கட்டு. எனக்கு முதல் நீ வந்திடாதை."