விரல் சொன்ன தரம்

ஆதம்பாவா மீனின் தரச் சீட்டை மாற்றிய கள்ளன் என்று கம்பனி முடிவு செய்து பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் அஞ்சலினா வாய் திறக்கவில்லை.

அவளுக்கு இருபத்தைந்து வயது. திருகோணமலையில், கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில், பெரிய சூரை மீனை வாங்கி பிளேனில் வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பனி ஒன்றில் தரம் பார்க்கிறவள். ஒரு மீனுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் எடுக்காத வேலை. ஐஸிலிருந்து இறக்கிய மீனின் செட்டைக்குக் கீழே மெல்லிய இரும்புக் குழாயைக் குத்தி இழுத்தால் பென்சில் பருமனில் சதை வரும். அதைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும். நல்ல மீன் என்றால் விரலில் நெய் பிடிக்கும். தூண்டிலில் நெடுநேரம் மல்லுக்கட்டிச் செத்த மீன் தன் சூட்டிலேயே உள்ளுக்குள் வெந்துபோயிருக்கும். அது மாவைப்போல உதிரும். கண்ணுக்கு இரண்டும் சிவப்புத்தான். நிறம் மாறித் தெரிய ஒரு நாளாவது செல்லும், அதற்குள் மீன் பிளேன் ஏறிவிடும். அதனால் விரல் சொல்வதுதான் தரம். அவள் சொன்னபடி வாலில் சீட்டுக் கட்டுவார்கள். அவள் உருட்டும்போது எதிரே நிற்கும் படகு ஓட்டி கதைக்கக் கூடாது, இருமவும் கூடாது. யாரும் எழுதிவைக்காத சட்டம், ஆனால் எல்லோரும் மதித்தார்கள்.

இருபத்தொரு வயதில் நிறை எழுதத்தான் அவளை எடுத்தார்கள். பொழுது போகாமல், மேசையில் கிடந்த சதைத் துண்டுகளை எடுத்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒருநாள், “சேர், இந்தத் துண்டும் அந்தத் துண்டும் ஒரே மீனில்லை” என்றாள். மீனை அறுத்துப் பார்த்தபோது அவள் சொன்னது சரி. ஆறு மாதத்தில் குழாய் அவள் கைக்கு வந்துவிட்டது.

அவளோடு அன்புவழிபுரத்தில் படித்ததுகள் சில கட்டாருக்குப் போயின. சில கந்தோர்களில் கதிரையைச் சூடாக்கிக்கொண்டு நாலு மணி எப்போது அடிக்கும் என்று பார்த்திருந்தன. அஞ்சலினா மட்டும் மூன்றரைக்கு முடிகிற வேலைக்கு நாலரை வரை நின்றாள். கையில் மீன் நாறுகிறது, இவளை எவன் கட்டுவான் என்று தாய் சீலா புறுபுறுத்தாள். மகளுக்கு அது காதில் ஏறவில்லை. விருப்பமான வேலை சின்ன வயதிலேயே கிடைப்பது நல்லதுதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அதைக் கைவிடாமலிருக்க மனிசன் எதையெல்லாம் ஒளிப்பான் என்று, அந்த நல்லதைச் சொல்கிறவர்கள் ஒருத்தரும் சொல்லித் தருவதில்லை.

போன மாரியில் விரல் நுனிகள் வெளுக்கத் தொடங்கின. சுண்ணாம்பு தடவினதுபோல. டொக்டர் பார்த்துவிட்டு, “ஐஸ் வேலையை விடுங்கோ பிள்ளை, இல்லாட்டி உணர்ச்சி திரும்பாது” என்றார். அவள் ஓம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த நாள் வேலைக்குப் போனாள். கையைச் சுடுநீரில் வைத்தாள். உணர்வு கொஞ்சம் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. வாரங்கள் போகப்போக மற்றதும் மரத்தது. சாப்பிட்டதில் உப்பு இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. தம்பி விழுந்து கையை உடைத்துக்கொண்டு வந்தபோது, நல்ல துவாய் எடுத்துக் கட்டினாள், அழவில்லை. மீனை நிறம் பார்த்துத் தரம் சொன்னாள். விரலை ஒரு நடிப்புக்கு உருட்டினாள்.

அப்போதுதான் ஆதம்பாவாவின் படகு வந்தது. கிண்ணியாக்காரர், கரையில் எல்லோரும் ‘நானா’ என்று கூப்பிடும் மூத்த அண்ணன், அறுபது வயது, பதினெட்டு நாள் கடலில் கிடந்து வந்தவர். ஒன்பது மீனுக்கும் அவள் முதல் தரம் என்றாள். ஐஸ் அறையில் வைத்து அடுத்த நாள் பிளேனில் போயிற்று. அங்கே அறுத்தால் ஆறு மீன் வெந்தது. படத்தோடு கடிதம் வந்தது.

மனேஜர் றுவைஸ் கெட்டவனில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் அவள்மீதும் சந்தேகப்பட்டிருப்பான். அவன் கணக்குச் சரியான கணக்கு: அஞ்சலினாவின் விரல் பிழைக்காது, ஆகவே சீட்டுத்தான் இடம் மாறியிருக்க வேண்டும், நல்ல மீனின் சீட்டை அறையில் கிடந்த வெந்த மீனில் கட்டிவிட்டு நல்லதை யாரோ எடுத்திருக்க வேண்டும். அன்று ஐஸ் அறைக்குள் போய் வந்த வெளியாள் ஆதம்பாவா. முடிந்தது. அந்தப் படகிடம் மீன் எடுப்பதை நிறுத்தினார்கள். கதை கரை முழுக்கப் பரவியது. வேறு வாங்குகிறவர்களும் முகம் கொடுக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு தொப்பியுடனே வந்தார் ஆதம்பாவா. அஞ்சலினா மேசையடியில் குழாய் கழுவிக்கொண்டிருந்தாள்.

“என்ன நானா, முடிஞ்ச கதையைக் கொண்டு திரும்பவும் வந்தீங்க?” என்றான் றுவைஸ்.

“உனக்கு முடிஞ்ச, மனே. எனக்கு எங்க முடிஞ்ச? பள்ளியில எனக்குப் பக்கத்தில நிக்கிறவன் செருப்பை ஒருக்காப் பாத்திட்டுத்தான் தொழுகைக்குத் தக்பீர் கட்டுறான்.”

வாசலில் நின்ற ஐஸ் உடைக்கிறவர்கள் சிரித்தார்கள். ஆதம்பாவா சிரிக்கவில்லை.

“சீட்டுக்குக் காலா முளைச்ச? தரம் சொன்னது ஆரு? இந்தப் புள்ளதானே. அவவைக் கேளு.”

“அவவைக் கேக்கத் தேவையில்ல. நாலு வருசத்தில ஒரு மீன் பிழைக்கல்ல.”

அந்தச் சொல்லைக் கேட்டு அஞ்சலினாவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், அல்லது வெட்கம். எதுவும் வரவில்லை. குழாயை மேசையில் வைத்தாள்.

“சேர், சீட்டு மாறேல்ல. நான் பிழையாச் சொன்னனான். எனக்கு விரலில ஒண்டும் விளங்குறேல்ல.”

றுவைஸ் அவளைப் பார்த்துச் சிரித்தான். “கிழவனைக் கண்டு மனமிரங்கி நீங்க பழியை ஏக்கப் பாக்கிறீங்க.”

“கண்ணைக் கட்டிப் பாருங்கோ.”

“சும்மா இருங்க அஞ்சலினா.”

“கட்டுங்கோ சேர். ஒரு நல்ல மீன், ஒரு வெந்த மீன். ரெண்டும் உள்ளுக்குக் கிடக்கு.”

ஆதம்பாவா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேரும் சேந்து ஆடுற நாடகமா இது? சதையை நான்தான் குடுப்பன். வேற ஒருத்தனும் கை வைக்கப்படா.”

தன் லேஞ்சியால் அவரே அவள் கண்ணைக் கட்டினார். மீனைக் குத்தி எடுத்தார். அவள் விரலுக்குள் ஒரு துண்டை வைத்தார். அவள் உருட்டினாள். வழக்கம்போல ஒருத்தரும் மூச்சுவிடவில்லை.

“வெந்தது” என்றாள்.

“பாத்தீங்களா!” றுவைஸ் மேசையில் அடித்தான். “வெந்ததுதான்! நான் சொல்லல்ல?”

அதோடு லேஞ்சியை அவிழ்த்திருக்கலாம். விரல் நல்ல விரல், அவள் இரக்கக்காரி, ஆதம்பாவா கள்ளன். எல்லாம் முன்போல நடந்திருக்கும். அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள் என்று அவளைத் தவிர யாருக்குத் தெரியும்?

“இன்னொருக்கா வையுங்கோ நானா.”

இரண்டாவதை வைத்தார். “வெந்தது” என்றாள். அது நல்ல மீன். மூன்றாவதுக்கு “முதல் தரம்” என்றாள். வெந்தது. றுவைஸ் மேசையிலிருந்து கையை எடுத்தான்.

நாலாவது முறை ஆதம்பாவா அவள் விரலை மெல்லத் தொட்டுவிட்டுத் தன் கையை எடுத்தார். அவள் உருட்டினாள். நேரமெடுத்து உருட்டினாள்.

“முதல் தரம்.”

அவள் லேஞ்சியை மேலே தள்ளிப் பார்த்தாள். விரல்களுக்கு நடுவில் ஒன்றுமில்லை. ஆதம்பாவா எதையும் வைத்திருக்கவில்லை.

றுவைஸ் ஸ்டூலில் இருந்துவிட்டான். “ஏன் அஞ்சலினா முந்தியே சொல்லல்ல?”

“சொன்னா வேலை போயிரும், சேர்.”

“வேற வேலை தந்திருப்பமே. மேல கந்தோரில...”

“அது வேற வேலை.”

ஆதம்பாவா கிட்ட வந்தார். “அப்ப உனக்கு விருப்பமான வேலைக்காக நான் கள்ளன். அப்படித்தானே புள்ள?”

“ஓம் நானா.”

மழுப்புவாள், அழுவாள், காலில் விழுவாள் என்று அவர் எதிர்பார்த்திருப்பார்.

“மன்னிப்பு ஒண்டும் கேக்க மாட்டியா?”

“கேக்கிறன். ஆனா உள்ளுக்க ஒண்டும் வருகுதில்ல. பொய்யாக் கேட்டமாதிரி இருக்கும்.”

“அது உன்ர பாடு. எனக்குக் கடதாசி வேணும்.”

“நாளைக்கே கம்பனி லெட்டர் தாறம் நானா” என்றான் றுவைஸ்.

“நாளை எண்டா நீ மாறிருவாய். உன்ர லெட்டரும் வேணாம். கள்ளனெண்டு எழுதாமலே பரப்பின ஆக்கள் நீங்க. இவ எழுதட்டும். இப்ப எழுதட்டும்.”

அவள் நிறை எழுதும் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதினாள். பேனை வழுக்கியது, எழுத்துக் கோணியது. ஆதம்பாவா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டாம் வகுப்போடு நின்றவர் அவர். இவள் என்ன எழுதினாளோ என்ற சந்தேகம் முகத்தில் தெரிந்தது.

“வா. எங்கட ஆக்களுக்கு முன்னால வாசி.”

இறங்குதுறையில் அவருடைய படகு கட்டிக் கிடந்தது. ஐந்து பேர் தூண்டில் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு நாளாகக் கடலுக்குப் போகாத ஆட்கள், ஏறிட்டுப் பார்த்தார்கள்.

“இவவா? சேட்டிபிக்கட் தந்த ராசாத்தி?” என்றான் ஒருவன்.

“வாயைப் பொத்திக்கிட்டுக் கேளுடா” என்றார் ஆதம்பாவா.

அஞ்சலினா வாசித்தாள். “மீனுக்குத் தரம் சொன்னவள் நான். எனது விரல்களுக்கு உணர்ச்சி இல்லை. அதை மறைத்தேன். சீட்டை யாரும் மாற்றவில்லை. ஆதம்பாவா நானாவும் அவரது ஆட்களும் களவு செய்யவில்லை.” பஸ் நேரசூசி வாசிப்பதுபோல இருந்தது அவள் குரல். முடிந்ததும் தாளை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. எஞ்சின் அறையிலிருந்து எண்ணெய்க் கையோடு ஒருவன் தலையை நீட்டி, என்ன கதை என்று கேட்டான்.

“இவனுக்குக் கேக்கல்ல” என்றார் ஆதம்பாவா. “இன்னொருக்கா வாசி. சத்தமா.”

அவள் முதல் வரியிலிருந்து திரும்பத் தொடங்கினாள்.